நான் பாலாமை என்று சொன்னது

நேற்று ஓய்வூதிய வேலையாக நெய்யாற்றின்கரை போயிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்ண மீன் விற்கும் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. கண்ணாடித் தொட்டியின் மூலையில், கறுப்பாக, முதலைக்கு இருப்பது போன்ற முள்வாலோடு ஓர் ஆமைக்குஞ்சு தனியாகக் கிடந்தது. கடிக்கிற இனமாம், வெளிநாட்டுச் சரக்காம். மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒருவர், "இது எவ்வளவு பெருசாவும்?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான் சாரே. உள்ளங்கைக்கு மேல வளராது" என்றார் கடைக்காரர், யோசிக்காமல்.

அந்த முள்வால் ஆமை ஒரு முறத்தின் அளவுக்கு வளரும் என்று எப்போதோ படித்திருக்கிறேன். அதை அந்த மனிதரிடம் சொன்னேன். கடைக்காரருக்குக் கோபம். ஆனால் அவருடைய அந்த உறுதியான குரல்தான் பேருந்தில் ஊர் திரும்பும் வரை என்னுடன் வந்தது. அதே குரலில் நானும் ஒருமுறை சொன்னேன். அதன் பலனை அனுபவித்தவன் நீ.

எல்லைப் போராட்டம் சூடு பிடிப்பதற்கு நாலைந்து ஆண்டுகள் முன்பு அது. என் வீட்டுக் கிணற்றில் புழு பூச்சி சேர்ந்திருந்தது. கிணற்றில் ஓர் ஆமையை விட்டால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்பது நம் பக்கத்து வழக்கம். பூவாரிலிருந்து வந்த மீன்காரர் வலையில் சிக்கிய குஞ்சு ஒன்றைத் தந்தார். உள்ளங்கை அளவு, மெத்தென்ற ஓடு, முதுகில் கண் போல நாலைந்து வட்டப் புள்ளிகள். என் இயற்கைப் பாடப் புத்தகத்தில் பாலாமையின் படம் இருந்தது. அதன் முதுகிலும் புள்ளிகள். படத்தையும் குஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

நீ வாழைக்கன்று எடுத்துக்கொண்டு அவ்வழியே வந்தாய். ஆற்றங்கரையில் வாழை வைத்தே வளர்ந்தவன் நீ.

"வாத்தியாரே, மறிச்சுப் போட்டுப் பாத்தீரா?"

"எதுக்கு? பாலாமையாக்கும். சாணுக்கு மேல வளராது."

"நம்ம பக்கத்துப் பாலாமைக்குப் புள்ளி கெடையாதே."

"புத்தகத்துல உண்டு மக்கா."

நீ சிரித்தாய். "அப்பம் ஆத்துல கெடக்கியது பூரா புத்தகம் படிக்காத ஆமையாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனாய்.

நீ சொன்னபடி திருப்பிப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பாலாமைக்கு அடிவயிற்றில், பின்கால்களுக்கு நேராக, இரண்டு மடல்கள் உண்டு. காலை உள்ளே இழுத்ததும் வீட்டுக் கதவு போல அவை சாத்திக்கொள்ளும். ஆற்றின் ஆழத்தில் கிடக்கும் பெரிய ஆமைக்கும் ஓடு மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் அதற்குக் கதவு இல்லை. குஞ்சாக இருக்கும்போது அதன் முதுகில்தான் கண் போன்ற வட்டங்கள். வளர வளர அவை மங்கிவிடும். கெட்டியான கறுப்பு ஓடுள்ள காராமையைப் பற்றிக் குழப்பமே இல்லை, அது கவிழ்த்து வைத்த மண்சட்டி. இந்த மெத்தோட்டு ஆமைகளைத்தான் அடியைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தது வடநாட்டுப் பாலாமை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பிறகு, மலையாள அரசின் கீழ் இருந்த தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற ஊர்வலங்கள் வந்தன. நீ முன்வரிசையில் போனாய். நான் அரசுச் சம்பளம் வாங்குகிறவன், வீட்டிலிருந்தேன். ஒரு மாசி மாத நண்பகலில் பின்வேலியைத் தாண்டி ஓடி வந்தாய். தடையை மீறிக் கூட்டம் போட்டவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. ஒளிய வேறு இடம் இல்லை. கிணற்றின் உள்ளே கால் வைத்து இறங்கும் குழிகளைப் பார்த்தாய்.

"அந்த ஆமை கெடக்கா?"

"கெடக்கும். பாலாமைதானே, ஒண்ணும் செய்யாது. எறங்கு."

இந்த முறை நீ என்னை நம்பினாய். மார்பளவுத் தண்ணீரில் சுவரோடு ஒட்டி நின்றாய்.

வந்த இரண்டு காவலர்களும் மலையாளத்தில் மரியாதையாகவே பேசினார்கள். அறைகளையும் வைக்கோற்போரையும் பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் வாளியை இறக்கினாள். உன் தலையில் இடித்துவிடக் கூடாதே என்று அவள் கயிற்றை மெல்ல விட்டதும், நீ வாளிக்கு வழிவிட்டு ஒதுங்கியதும், பிடிமானத்துக்காகக் கையைத் தண்ணீருக்கடியில் கல்லிடுக்கில் நுழைத்ததும் பிற்பாடு நீ சொல்லித் தெரிந்தவை. அப்போது எங்களுக்குக் கேட்டது ஒரு சளப்பு மட்டும்.

"எந்தா அது?" என்றார் ஒருவர்.

"ஆமையாக்கும்" என்றாள் அவள். அது பொய்யில்லை என்று அவளுக்கே தெரியாது.

அவர் இரண்டு செம்பு குடித்தார். "நல்ல வெள்ளம், சேச்சீ" என்றார். உட்கார்ந்து பீடி ஒன்றும் பிடித்தார். அவ்வளவு நேரமும் கிணற்றிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அவர்கள் போனபின் உன்னை மேலே ஏற்றினோம். இடது கைச் சுண்டுவிரலில் மேல்கணு இல்லை. என் மனைவி அழுதுகொண்டே துணி கிழித்தாள். உதடு வெளுத்துப்போய் நீ சொன்ன முதல் வார்த்தை: "வாத்தியாரே, அது பாலாமை இல்ல."

நாலு நாள் கழித்துக் கூடை இறக்கி அதைப் பிடித்தோம். திருப்பிப் போட்டேன். கதவு இல்லை. கட்டுப் போடாத கையால் நீ சாண் வைத்து அளந்தாய். இரண்டு சாணும் நாலு விரலும். "இன்னும் வளரும், பாவம்" என்று நீயே அதை நெய்யாற்றில் கொண்டு விட்டாய்.

எல்லை பிரிந்தபோது நம் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. போராடியவர்களுக்குத் துண்டு போர்த்த ஒரு கூட்டம் வைத்தார்கள். மேடையில் ஒருவர் உன் கையைத் தூக்கிக் காட்டி, போலீஸ் வெட்டிய விரல் என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நீ காத்திருந்தாய்.

"போலீசு இல்ல. ஆமையாக்கும் கடிச்சது."

"ஆமைக்கும் நம்ம தமிழு பிடிக்கல்லியோ!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது. மேடைக்காரருக்கு முகம் கறுத்தது. "எந்த மடையன் அதைக் கிணத்துல விட்டான்?" என்றார். முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "கெடந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டை வாங்காமல் இறங்கினாய்.

வரும் வழியில் கேட்டேன், எனக்க பேரைச் சொல்லியிருக்கலாமே என்று.

"வாத்தியாரே, நாளைக்கு நீரு கிளாசுல நிக்கணும். பிள்ளைய சிரிக்கும்."

பிள்ளைகள் சிரிப்பார்களே என்று நானும் மூன்று ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் உன்னை 'ஆமைக்கடி' என்று கூப்பிட்டது. நீயும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தாய். கடைசியில் ஒருநாள் கரும்பலகையில் இரண்டு ஆமைகளின் அடிவயிற்றை வரைந்துவிட்டு, கிணறு யாருடையது, ஆமையின் பெயரைத் தப்பாகச் சொன்னது யார் என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்தான். பிறகு படத்தை நோட்டில் வரைந்துகொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் போய் மூன்று ஆண்டுகள்.

நேற்றுக் கடையிலும் அந்த மனிதர், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். உன் விரலைப் பற்றிச் சொன்னேன். யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்கிறேன். அந்த மேடையில் நீ சொல்லாமல் விட்ட பெயரையும் சேர்த்து.