கூரைக்கு அடியில் நான்கு

லாங்கன்தால், சுவிஸ், 3 மே 1987, ஞாயிறு

மழை. கீழ்வீட்டுக் கிழவர் ஏணி வைத்து ஏறினார். எங்கள் குசினி ஜன்னலுக்கு நேர் மேலே, கூரை விளிம்பில் ஆறு மண் கிண்ணங்கள் பூட்டினார். குருவிகளுக்கு வீடாம். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அண்ணா: "குருவிக்கு வீடோ? எங்களுக்கு ஒரு அறை தரவே எத்தினை தரம் யோசிச்சவை!"

வீட்டு வாடகைக் கடதாசியில் மூன்று பேர்தான்: அம்மா, அண்ணா, நான். மார்ச்சில் விசா இல்லாமல் வந்த மாமா அதில் இல்லை. பிடிபட்டால் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

9 மே, சனி

வெயில். காலை ஏழுக்கே கிழவர் முற்றத்தில். கண்ணில் தொலைநோக்கி. எங்கள் ஜன்னல் பக்கம் பார்க்கிறார், கொப்பியில் எழுதுகிறார். பிறகு குழாயைத் திறந்து முற்றத்தில் சேறு செய்தார். மாடிப்படியில் ஒரு துளி மண் விழுந்தால் கதவு தட்டுகிற மனிதர்!

குருவிச் சத்தம் வேறு, கசெட்டில்.

மாமா: "நல்லதுதானே, நான் இருமினாலும் அவருக்குக் கேளாது."

அம்மா சிரிக்கவில்லை. திரைச்சீலையை ஊசி குத்தி மூடினார்.

14 மே, வியாழன்

அப்பாவின் திவசம். ஜன்னல் கட்டில் காகத்துக்குச் சோறு. இரண்டு வந்தன. ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. மாமா அலுமாரிக்குள். நான்தான் கதவு திறந்தேன்.

கிழவர் சோற்றைக் காட்டினார், மேலே காட்டினார், "நைன், நைன்" என்றார், கூடாதாம். அது மட்டும் விளங்கியது. போகும்போது மேசையைப் பார்த்தார். நான்கு கோப்பைகள்.

16 மே, சனி

உடுப்புத் தோய்க்க எங்கள் முறை. கீழே பொது மெஷின் மேல் அவருடைய கொப்பி. திறந்தேன். பிழைதான். எட்டாம் வகுப்போடு நின்றாலும் இலக்கம் தெரியும். 9ஆம் திகதி: 3. அன்று மாமா நாள் முழுக்க உள்ளறையில். 14ஆம் திகதி: 4.

எங்களைத்தான் எண்ணுகிறார். அண்ணாவிடம் சொன்னேன்.

17 மே, ஞாயிறு

முதல் ரயிலில் மாமா எங்கடின் மலைப்பக்கம் போய்விட்டார். அங்கே ஒரு ஹோட்டலில் சட்டி கழுவ ஆள் எடுப்பார்களாம். நிச்சயமில்லை. கொண்டுபோனது ஜாம் போத்தலில் மிளகாய்த்தூள், அண்ணாவின் ஸ்வெட்டர்.

"பிள்ளை கெட்டிக்காரி, வேளைக்குக் கண்டிட்டாள்" என்று என் தலையைத் தொட்டார்.

19 மே, செவ்வாய்

தூறல். குப்பை போட இறங்கினேன். கிழவர் கூப்பிட்டார். ஓட வழியில்லை. தொலைநோக்கியை என் கையில் தந்தார். கிண்ண வாயில் வெள்ளைக் கழுத்து. கொப்பியின் 4ஐத் தொட்டு, குருவி இருக்கும் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். நான்கு. இன்று 5 என்று எழுதினார்.

பிறகு உதட்டுக்கு மேல் விரலை வைத்து மீசை காட்டினார். எங்கள் வீட்டில் மாமாவுக்கு மட்டும்தான் மீசை. மேல்மாடியைக் காட்டினார். எங்கே என்பதுபோல் கையை விரித்தார்.

ஏன் கேட்கிறார்?

"நாங்கள் மூன்று பேர்" என்றேன், ஜெர்மனில்.

கொப்பியை மூடினார்.

அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அம்மா நான்கு கோப்பை வைத்து, ஒன்றைத் திருப்பி எடுத்தார்.