மழைக்காலத்தில் நிறுத்திய மாத்திரை

சேசு மரி சூசை

மரக்காணம்
12-12-1974

அன்பு மகன் செல்வநாதனுக்கு அம்மா ஆசீர் சொல்லி எழுதுவது. நீயும் லீமாவும் குழந்தையும் அந்தப் பிலாய்க் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நான் நலம், பசு நலம், பள்ளிக்கூடக் கூரை வழக்கம்போல் ஒழுகுகிறது. உன் அப்பாவும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் எனக்கும் ஆசை. ஆனால் மூன்றாம் வகுப்புக்குப் பொய் சொல்லக் கூடாது என்று காலையில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் மகனுக்குப் பொய் எழுத எனக்கு வரவில்லை. பதறாமல் உட்கார்ந்து படி. அப்பா பன்னிரண்டு நாள் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு போன சனிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தார். இப்போது எழுந்து நடக்கிறார், கஞ்சி குடிக்கிறார். உனக்குத் தந்தி கொடுக்க வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது மைல் பஸ்ஸில் மூச்சுவிட முடியாதவருக்கு அதைச் சொல்ல மட்டும் மூச்சு இருந்தது.

போன மாசியில் அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியதும், இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லி, நெஞ்சுக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை என்று தினமும் இரண்டு கொடுத்ததும் உனக்கு எழுதியிருந்தேன். சாப்பாட்டில் உப்பே கூடாது என்றார்கள். உப்பளத்துக்காரர் வீட்டில் உப்பில்லாக் கஞ்சி என்றால் ஊர் சிரிக்காமல் இருக்குமா, சிரித்தது. அதில் முதல் ஆள் உன் சித்தப்பா குழந்தைசாமி. அண்ணனுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் வாயுதான், இந்த டாக்டருங்க சும்மா பயமுறுத்துறாங்கன்னு சொல்லிக்கொண்டு கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து நின்றது அந்த மேதை. எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்து இரண்டு தரமும் தேறாத தலை, இதயத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது. பொட்டலத்தைப் பூனைக்குப் போட்டேன். நீயும் சளைத்தவன் இல்லை. மாத்திரை சாப்பிட்டு உடம்பு தேறி அப்பா உப்பு வாரப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், பழையபடி பலகையைப் பிடிச்சிட்டீங்களாப்பா, உங்களை அடிச்சுக்க ஆளே இல்லை என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாத்திக்குப் பாத்தி படித்துக் காட்டினார். இரும்பாலையில் மேஸ்திரி வேலை பார்க்கிற உனக்கு எங்கே எதை எழுதுவது என்ற அறிவு எப்போது வரும்?

ஐப்பசியில் மழை பிடித்தது, உப்பளத்தில் தண்ணீர் நின்றது, வேலை முடிந்தது. வழக்கம்போல் உன் அப்பாவும் அவரோடு உப்பளத்தில் வேலை செய்யும் கலியனும் உப்பு வாரும் பலகை, கூடை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் கட்டிக் கொட்டகையில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் மாத்திரை போட்டாச்சா என்றால் ஆச்சு ஆச்சு என்பார். நானும் பள்ளிக்கூடத்து நினைப்பில் நம்பிவிட்டேன். மூன்று வாரத்தில் மறுபடி கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். கேட்டால் மழை ஈரம் என்றார். நவம்பர் இருபத்தைந்து, திங்கட்கிழமை காலை, பசுவை மாற்றிக் கட்டப் போனவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார், உதடெல்லாம் நீலம். கலியன்தான் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். நல்ல வேளையாகப் பாண்டிச்சேரி பஸ் வந்தது. உன் சித்தப்பாவும் ஏறிக்கொண்டு, ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, கொடுத்த மாத்திரை எங்கே என்பதுதான். மறுநாள் வீட்டுக்கு வந்து அலமாரி, பெட்டி, மாதா படத்துக்குப் பின்னால் என்று தேடிக்கொண்டிருந்தபோது கலியன் வாசலில் நின்று, அது கொட்டாயில பலகையோட இருக்குதும்மா, வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் கட்டி வெச்சிட்டோமே என்றான். எல்லாத்தையுமாம்! சாக்கைப் பிரித்தால், எண்ணெய் தடவிய பலகைக்குப் பக்கத்தில் பவுடர் டப்பா, டப்பாவுக்குள் மாத்திரை அப்படியே. வேலைக்குப் போற நாளுக்குத்தானம்மா அது, சும்மா இருக்கிறப்ப எதுக்கு என்று அவன் என்னைத்தான் விவரம் கெட்டவள் மாதிரிப் பார்த்தான். மாத்திரை என்றால் உப்பு வாருவதற்கான பலம், வாராத மாதத்துக்கு அது வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தக் கண்டுபிடிப்பை டாக்டரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த டாக்டரும் பார்வைக்கு மீசை சரியாக முளைக்காத பையன்தான். நாலாம் நாள் உன் அப்பாவைச் சக்கரமில்லாத ஒரு சைக்கிளில் ஏற்றி, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயில் குழாயைக் கொடுத்து, விடுகிற மூச்சை ஒரு பெரிய ரப்பர் பையில் பிடித்தான். இதற்குத்தானா இத்தனை வருஷம் படித்தாய் என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் அதே சைக்கிள், அதே பை. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, அதே மிதிதாம்மா, அதே நாலு நிமிஷம்தான், அன்னிக்கு நெஞ்சு நிமிஷத்துக்கு நூத்தம்பது அடி அடிச்சது, இன்னிக்கு நூத்திப்பத்து, மூச்சும் கம்மியாத்தான் செலவாயிருக்குது என்றான். மாத்திரை புதுசா பலம் எதையும் குடுக்கல, இருக்கிற பலம் வீணாவாம பாத்துக்குது, அவ்ளோதான். ஆளு சும்மா உக்காந்திருந்தாலும் நெஞ்சு உக்காந்துக்குமா? அதுக்கு மழைக்காலம்னு லீவு இல்லம்மா. கோயிலுக்கு நடக்கலாம், கடைக்கு நடக்கலாம், உப்பளம் மட்டும் கூடாது, மாத்திரை ஒரு நாளும் நிக்கக் கூடாது என்றான். இந்த வருஷம் முழுக்க என் காதில் விழுந்த புத்தியுள்ள பேச்சு இது ஒன்றுதான்.

இங்கிருந்து புதுத் தாள் எடுத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. ஏன் நிறுத்தினீங்க என்று டாக்டர் அவரைக் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். சும்மா குந்திக்கினு தின்றவனுக்கு மாத்திரை எதுக்குங்க என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். செல்வநாதா, அது அவர் பேச்சு இல்லை. பங்குனியில் ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், மாடு தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. குந்தித் தின்றவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை ஒரு கேடா என்று கலியன் எதிரில் கேட்டேன். அடுத்த வாரம் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாத்திரை வேலை செய்கிறது என்று ஊரும் நீயும் மெச்சினீர்கள், நானும் மெச்சினேன். மழை வந்து வேலை நின்றதும் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மாத்திரையைக் கட்டி வைத்துவிட்டார். உன் சித்தப்பாவையும் கலியனையும் முட்டாள் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அவர்களில் ஒருவரும் இப்படி ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

எனக்கு அவர் வேண்டும். உப்பு வார வேண்டாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம், உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு என் கண் எதிரில் இருந்தால் போதும். இதைச் சொல்வதற்கு இந்த வாரத்தில் மூன்று முறை அவர் பக்கத்தில் போனேன். மூன்று முறையும், வேட்டியைப் பாருங்கள் எத்தனை சேறு என்று திட்டிவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருஷம் பழகிய வாய், இப்போது திருப்பினால் திரும்பவில்லை. அவரோ தினமும் வாசலில் நின்று, தண்ணி வடிய ஆரம்பிச்சிடுச்சு என்று உப்பளத்துப் பக்கமே பார்க்கிறார். தை பிறந்தால் உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்க ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அதனால் ஒன்று செய். முன் தாள்களை நீ வைத்துக்கொள். இந்தத் தாளை மட்டும் மடித்து, உறையில் அவர் பெயரை எழுதி, மரக்காணத்துக்கே திருப்பி அனுப்பு. நீயாக ஒரு வரியும் சேர்க்காதே. என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

லீமாவுக்கும் குழந்தைக்கும் நெற்றியில் சிலுவை போட்டதாகச் சொல். மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். பொங்கலுக்கு முன்னால் தபால் இங்கே வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே.

அடுத்த அறையில் இருக்கும்
உன் அப்பாவின் மனைவி,
உன் அம்மா
சவரியம்மாள்