சன்னலை மறைத்த கேம்பர்

ஒக்டோபர் 1992, ஞாயிறு இரவு. சட்டன், லண்டன்.

எங்கள் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏற்றி வைத்து, போகிற இடத்தில் தங்குகிற கேம்பர் ஒன்றை என் வீட்டுக்காரர் இன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தபோது, சின்னதைத்தான் எடுப்பதென்று பேசியிருந்தோம். இதுவோ அடுப்பும் கட்டில்களும் வைத்த பெரிய பெட்டி. நாளைக்கு வேலைக்குப் பிக்கப் வேண்டும் என்பதால் அதைக் கழற்றி, ஜாக்குக் கால்களில் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டார். முன்னறைச் சன்னல் முழுவதும் மறைந்து, பட்டப்பகலிலும் லைட் போட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி உள்ளூர்க் கவுன்சிலுக்குச் சொல்லப் போவதாகக் கத்திவிட்டுப் போனாள்.

"இஞ்சருங்கோ, வருசத்தில ஒரு கிழமை ஹொலிடேக்கு இவ்வளவு பெரிசு ஏன்? திருப்பிக் குடுங்கோ" என்றேன்.

"ஹொலிடேக்கு மட்டும் இல்லையப்பா. ஊரில சண்டைக்குள்ள ஓடின மாதிரி இன்னொருக்கா ஓட வேண்டி வந்தால், பிள்ளையளோட றோட்டில படுக்க ஏலாது" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "லண்டனில இருந்து எங்கை ஓடுறது?"

அவர் வெளியே போனார். மழையில் நனைந்துகொண்டே கேம்பருக்குப் படங்கு கட்டினார்.

அதைப் பார்த்த பிறகு, திருப்பிக் கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. கவுன்சில்காரர் வந்து இது எதற்கென்று கேட்டால், நான் என்னவென்று சொல்வது?