மீனா தோளில் போட்டுக் காட்டிய புடவை

ஆவணி, வெள்ளி இரவு

சாலைக் கடைத்தெருவில் யார் வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள் என்ற செய்தி என் ஜவுளிக்கடைக்கு வராமல் போனதில்லை. அந்தத் திமிர் இன்றைக்கு அடங்கியது.

மத்தியானம் ஒரு மலையாளிப் பையன் தாயாரோடு கல்யாணப் புடவை எடுக்க வந்தான். இந்த மலையாள ஊரில் அதை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார்தான். தாயார் சரிகைக் கரை போட்ட ஒரு கசவுப் புடவையை வைத்துக்கொண்டு யோசித்தார். "பொண்ணு எம் மக நிறமா இருக்குமா?" என்று கேட்டு, பில் போட்டுக்கொண்டிருந்த மீனாவைக் கூப்பிட்டேன். அவள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நல்ல சேர்ச்ச உண்டு மோளே," என்று பொருத்தத்தை மெச்சினார் தாயார். பையன் தரையைப் பார்த்தான். "மாப்பிள்ளைக்கு இப்பவே வெக்கம்," என்று நான் வேறு சிரித்துத் தொலைத்தேன்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் மீனா சொன்னாள். மூன்று வருஷமாக அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவந்தவன் அவன்தானாம். அவனுக்குக் கல்யாணம் என்பதே இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியுமாம்.

"அப்பவே புடவையத் தூக்கி எறிஞ்சிருக்கலாமே மக்ளே," என்றேன்.

"அதக் கட்டினா நான் எப்படி இருப்பேன்னு அவன் ஒரு தடவ பாக்கட்டும்னுதான் நின்னேம்ப்பா."