முசஃபா மெஸ்ஸின் ஜனாதிபதிக்கு

குறும்பனை

அன்பு மகன் ரெனீஷுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் தயவில் சுகம், அம்மாவின் முட்டுவலி கொஞ்சம் தேவலை, உன் தங்கை எலிசாவின் குழந்தைக்குப் பல் முளைத்து எல்லோரையும் கடிக்கிறாள். நீ சுகமா என்று கேட்க இந்தத் தடவை மனம் வரவில்லை. உன்னோடு அபுதாபி முசஃபாவில் ஒரே ரூமில் இருக்கும் பிஜு சுகமா?

போன மாதம் போனில், உங்கள் கேம்ப் வாட்ச்மேன் மூசா தன் ஆப்பிரிக்க நாட்டின் முதல் ஜனாதிபதியைப் பற்றிச் சொன்னதை எனக்குச் சொன்னாயே. மாடு மேய்த்தவர் மகன், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், வெள்ளைக்காரன் ஜெயிலில் கூட்டாளியோடு ஒரே தட்டில் கூழ் குடித்தவர். விடுதலை கிடைத்த அன்று ஊரே அவரைத் தோளில் தூக்கியது. பிறகு நோட்டில் எல்லாம் அவர் முகம், அவர் கார் போகும் வழியில் கொடி பிடித்து வெயிலில் நிற்கும் பிள்ளைகள், சாகும்வரை நானே என்று ஒரு சட்டம். இது எதற்கு என்று கேட்ட அந்தக் கூட்டாளியை அதே ஜெயிலுக்கு அனுப்பினாராம். த்தூ, இவனெல்லாம் ஒரு மனுஷனா அப்பா என்றாய். என் வகுப்பில்கூட யாரும் இவ்வளவு சரியாகப் பதில் சொன்னதில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிஜுவின் மனைவி ஷாஜினி வந்து, சாரே, எங்க வீட்டு அவியள மெஸ்ஸுல இருந்து தள்ளிட்டாவ, ரெண்டு நேரமும் கடை குப்பூஸ் ரொட்டியும் சாயாவும்தான் என்றாள். யார் தள்ளியது என்றேன். நீதானாம். கான்ட்ராக்டரின் ஊசிப்போன சோறு வேண்டாம் என்று சண்டை போட்டு எல்லோருக்கும் தனி மெஸ் வாங்கிக்கொடுத்தவன் நீ, அது எனக்குப் பெருமைதான். ஆளுக்கொரு நாள் சமையல் முறை என்று வைத்ததும் நீதான். அப்புறம் மெஸ் லீடரான உனக்கு மட்டும் முறை கிடையாதாம், மீன் பொரித்தால் நடுத்துண்டு லீடருக்காம். லீடருக்குக் கரண்டி பிடிச்சா கை தேஞ்சா போவும் என்று பிஜு கேட்டதற்கா அவன் தட்டை எடுத்தாய்? உனக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவன் அவன்தானே. அருவருப்பாக இருக்கிறது மகனே. அந்த மனுஷனுக்காவது ஆள ஒரு நாடு இருந்தது, உனக்கு இருப்பது ஒரு சோற்றுப் பானை. நல்லவேளை, உன் கையில் யாரும் ஜெயில் சாவியைக் கொடுக்கவில்லை.

காரணம் எதுவும் சொல்லாதே, மூசாவின் ஜனாதிபதியும் நிறையச் சொல்லியிருப்பார். வருகிற லீவு நாளில் நீயே அடுப்பில் நின்று மீன்குழம்பு வை, புளியைக் குறை, பிஜுவுக்கு வயிறு ஆகாது. எல்லோரும் பார்க்க உன் கையால் அவனுக்குச் சோறு விளம்பு. வரமாட்டேன் என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் கட்டிலுக்குப் போ.

ஆண்டவர் உனக்குச் சுகமும் நல்ல புத்தியும் தரட்டும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, அவள் முத்தம் தரச் சொன்னாள். பிஜு சாப்பிட்டான் என்ற செய்தி ஷாஜினி வாயால் எனக்கு வர வேண்டும், மறந்துவிடாதே. அதுவரை நீ போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள்.

உன் அப்பா,
ஸ்தனிஸ்லாஸ்