இடது கையால் வான்கோழி

1928 டிசம்பர் 14, வெள்ளி

காலையிலிருந்து தூறல். குசினிக் கூரை ஒழுகல், விறகெல்லாம் ஈரம். கிறிஸ்துமஸ் வான்கோழிக்கு இரண்டு வேளையும் கேழ்வரகு உருண்டை. நல்ல கனம் ஏறியிருக்கிறது. என்னைக் கண்டால் மட்டும் கத்துகிறது, திமிர் பிடித்தது.

வாங்க வேண்டியவை: திராட்சை, ஜாதிக்காய், வெண்ணெய். பிராந்தி (அறுக்கும் முன் கோழிக்கு ஒரு கரண்டி. மிச்சம் உனக்கு என்று துரை கேலி செய்வார். இந்த வருஷம் செய்யவில்லை).

துரைசானி குசினிக்கு வந்து மெதுவாக, “முன்சாமி, இந்த வாட்டி உள்ளயே வெட்டி ப்ளேட்டுல வச்சி எட்தாந்துடு. தொர கையால முடியாது. வர்றவங்க முன்னால அவருக்கு அவமானம் வோணாம்.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல? ஆகஸ்டில் ரயில் ஷெட்டில் இரண்டு வண்டிக்கு நடுவே மாட்டிய வலது கை. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். இருபது வருஷம் எஞ்சின் ஓட்டிய மனுஷர், இப்போது நாளெல்லாம் வராந்தா நாற்காலியில்.

15, சனி

துரைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். வெள்ளை ரத்தம் கலந்த சட்டைக்காரத் துரையானாலும் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், கோபம் வந்தால் நம் பேச்சுதான் வரும்.

“மேசைக்கு முன்னால ஒக்காந்துகினு எவனோ வெட்னத துன்றதுக்கு நான் இன்னாத்துக்கு வூட்டுக்காரன்? நீயே சொல்லு.”

நியாயம்தான். அவர்கள் வழக்கத்தில் கிறிஸ்துமஸ் கோழியை எல்லார் எதிரிலும் எழுந்து நின்று வெட்டிப் பரிமாறுவது வீட்டு ஆண்பிள்ளை வேலை. பன்னிரண்டு வருஷமாக நான் சமைக்க, அவர் வெட்ட.

இடது கையால் பழகப் போகிறாராம். துரைசானி வேப்பேரியில் அக்காள் வீட்டுக்குப் போகும் நேரத்தில். யாரிடமும் மூச்சு விடக்கூடாது. ராஜம்மாளிடம் மட்டும் சொன்னேன். பெண்டாட்டியிடம் எதை மறைக்க?

17, திங்கள்

மழை. முள்கரண்டியை அவர் வலது மணிக்கட்டில் துணியால் இறுக்கிக் கட்டினேன். கத்தி இடது கையில். முதல் வெட்டிலேயே வழுக்கி, பழகுவதற்கென்று வறுத்த கோழி தரையில். நாய்க்கு இன்றைக்கே பண்டிகை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“இன்னொண்ணு போடு.”

22, சனி

வெயில். நாலு கோழிக்குப் பிறகு இன்று வாத்து. தொடை மூட்டு ஒரே அழுத்தில் விட்டது. நெஞ்சுக்கறி துண்டு துண்டாக, எல்லாம் ஒரே கனம். வலது கையால்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை.

“பாத்தியா? மூட்டு எங்க கீதுன்னு கத்திக்கே தெரிஞ்சிப்போச்சி!”

ஆகஸ்டுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

24, திங்கள்

வான்கோழியை அறுத்தாயிற்று. சுத்தம் செய்து பதினாலு ராத்தல். துரை வந்து பார்த்தார், தடவினார், போனார். வாத்தைப் போல நாலு மடங்கு. அவருக்குப் பயமோ தெரியாது, எனக்குப் பயம்.

25, செவ்வாய்

எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

விடிகாலை வான்கோழியைச் சுட்டெடுக்க ரொட்டிக்கிடங்கு அடுப்புக்குத் தூக்கிப் போய்ப் பதினோரு மணிக்குக் கொண்டுவந்தேன். துரை இடது கையால் சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டு, காலரில் ரத்தம். வந்திருப்பவர்கள் ஆறு பேரும் அவரோடு எஞ்சின் ஓட்டியவர்கள்.

குசினிக்குள் போய் நானே கத்தியை எடுத்துவிட்டேன். தொடை மூட்டு இரண்டையும் உள்ளே கீறித் தளர்த்தினேன். நெஞ்சுக்கறியைத் தோலுக்கு அடியில் துண்டு போட்டு, தோலை மேலே இழுத்து மூடி, வெண்ணெய் தடவினேன்.

ஒத்தாசைக்கு வந்த ராஜம்மாள் பார்த்துவிட்டாள். “இன்னாய்யா பண்ற?”

“சும்மா கெட. அவரு மானம் போவக்கூடாது.”

மேசை. துரை எழுந்து நின்றார். கத்தி பட்டதும் தொடை தானே கழன்று தட்டில் விழுந்தது. நெஞ்சில் வைத்தார், துண்டுகள் சரிந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். துரைசானி கண்ணில் தண்ணீர், சந்தோஷம். துரை மட்டும் கத்தி நுனியால் தோலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னை. ஒரே ஒரு தடவை.

ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். தன் தட்டில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

26, புதன்

பனி. துரைக்குக் காப்பி கொண்டு போனேன்.

“எப்ப வெட்ன?”

“பதினோரு மணிக்கு மேல, தொர.”

“சனிக்கெழம அந்த வாத்த வெட்னனே. நீ பாத்த இல்ல?”

“பாத்தேன், தொர.”

“அப்பால ஏன் முன்சாமி?”

அவர் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். எல்லாரும் அவரை நம்பாதபோது நம்பின ஒரே ஆள் நான் என்று நினைத்திருந்தார். அந்த நினைப்பில் நானே மண்ணைப் போட்டேன்.

28, வெள்ளி

மறுபடி தூறல். எண்ணெய், சீயக்காய் வாங்க வேண்டும்.

மத்தியானம் ஆட்டுக்கறி வறுவல். துரை இடது கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. வலது மணிக்கட்டால் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“சின்னதா வெட்டிக் குடு.”

வெட்டிக் கொடுத்தேன்.