பாப்பா தூக்கிய அட்டைகள்

மார்ச் 4

இன்றும் ‘டேபிள்’ என்றதும் பாப்பா சிவப்பு அட்டையைத்தான் தூக்கினாள். நவுனுக்கு நீலம், வெர்புக்குச் சிவப்பு, அட்ஜெக்டிவுக்குப் பச்சை. இந்த ஊர் இங்கிலீஷ் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்க்க இப்படித்தான் சோதிப்பார்களாம். மேசை ஓடுமா, நடக்குமா? கேட்டால் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மார்ச் 6

அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா, வேறு ஊரில் டீச்சர். “டிகிரியைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கே, பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லித்தர வரலையா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இவரும் கூடச் சிரித்தார். கிளம்பும் முன் இருவருமாக முடிவும் கட்டிவிட்டார்கள்: தேறினால் பாப்பா இங்கே. தேறாவிட்டால் அண்ணி வீட்டில் தங்கி அங்கேயே படிப்பு.

என் பிள்ளை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 9

வழி கண்டுபிடித்துவிட்டேன். வார்த்தை அவள்மேல் பட்டால்தான் மண்டையில் ஏறுகிறது.

“லேஸி. என்ன அட்டை?”

“பச்சை.”

“யாரு லேஸி?”

“நான்.”

டர்ட்டி, ஸ்டுப்பிட், அக்ளி — ஒன்றில்கூடத் தப்பில்லை. வருகிறதே!

மார்ச் 12

‘பிளேட்’டுக்குப் பச்சை தூக்கினாள். அவள் முன்னாலிருந்த தட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். “என்னன்னே தெரியாத பொருள்ல எப்படிடீ சாப்பிடுவே?” நீலம் வரும்வரை கொடுக்கவில்லை. ஆறிப்போனதைத்தான் சாப்பிட்டாள்.

நானும்தான் சாப்பிடவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 13

“அதட்டாதே, பயப்படுறா” என்கிறார் இவர். பயந்தால்தானே படிப்பு வரும்? எனக்கு அப்படித்தானே வந்தது?

மார்ச் 15

வேறு வழியில்லாமல் சொன்னேன்: “தப்பாத் தூக்கினா அத்தை வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன். அம்மா அங்க வரவே மாட்டேன்.”

அழுவாள் என்றுதான் நினைத்தேன். அழவில்லை. “ஒண்ணு தப்புன்னாலே விட்டுடுவியா, எல்லாமே தப்பா இருக்கணுமா?” என்று கேட்டாள். என்ன கவனம்! பயம் வேலை செய்கிறது.

மார்ச் 18

பள்ளியில் சோதனை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான். உள்ளே டீச்சர் சொல்லச் சொல்ல பாப்பா தூக்கினாள் — காலரைக் கடிக்காமல், கண் சிமிட்டாமல். டேபிள்: சிவப்பு. ரன்: பச்சை. ஸ்மால்: நீலம். லேஸிக்கும் நீலம்.

லேஸிக்குமா?

ஒன்றுகூடச் சரியில்லை. “வீட்டுல எதுவுமே சொல்லித்தரலையாம்மா?” என்றார் டீச்சர். ஒன்றும் தெரியாத பிள்ளை குருட்டாம்போக்கில் தூக்கினாலே சிலது சரியாக வரும். எல்லாம் தப்பாக வர, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “எல்லாமே தப்பாத் தூக்கிட்டேம்மா. எப்ப கொண்டுபோய் விடுவே?”

இவரிடம் அதைச் சொல்லவில்லை. “மக்கு, தேறலை” என்று மட்டும் சொன்னேன். அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

ஏப்ரல் 2

அண்ணி போன் செய்தார். “இவளையா மக்குன்னே? நீ குடுத்தனுப்பின அட்டைல, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள சரியானதைத் தூக்குறா!” பிறகு உள்ளே திரும்பி, “வாடா கண்ணு, அம்மா லைன்ல இருக்கா, பேசு.”

போன் கைமாறியது. துணி உரசும் சத்தம். காலரைக் கடிக்கிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது. பிறகு, போனிலிருந்து தள்ளி, சின்னக் குரல்:

“அத்தை, அம்மா ஏதாச்சும் கேப்பாங்களா?”